மரவாடியில் மிஞ்சும் நெருப்பு

ஒரு மரக்கட்டை மரவாடிக்குள் போய்ப் பலகையாகவும் சட்டமாகவும் வெளியே வரும்போது, உள்ளே போனதில் ஏறக்குறைய பாதிதான் விலைக்குரிய மரமாகிறது. மீதியெல்லாம் பட்டையோடு கூடிய ஓரப்பலகையாக, துண்டுக்கட்டையாக, இழைப்புளிச் சீவலாக, ரம்பத்தூளாகப் பின்கட்டில் குவிகிறது. மரத்தின் வகை, ரம்பத்தின் தடிமன், அறுப்பவரின் கைத்திறன் இவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும், குறையும். ஆனால் குவியல் இல்லாத மரவாடி கிடையாது.

நன்றாகக் காய்ந்த மரக்கழிவு ஒரு கிலோவில் சுமார் 16 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். இரண்டேகால் கிலோ மரத்துக்குள் ஒரு லிட்டர் டீசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை சக்தியை மழையில் நனையவிட்டோ, வந்த விலைக்குத் தள்ளிவிட்டோ, அதே தொழிற்பேட்டையில் இன்னொரு பக்கம் டீசலும் கேஸும் வாங்கி உலை எரிக்கிறோம்.

இதை மாற்ற ஒரு வழி உண்டு. மரத்தை நேராக அடுப்பில் போடாமல் முதலில் அதை எரியும் வாயுவாக மாற்ற வேண்டும். அந்த வாயுவைக் குழாய் வழியே உலைக்கோ எஞ்சினுக்கோ கொண்டுபோகலாம். வாயுவாக்கம் என்று இதற்குப் பெயர். தொழிலில் இருப்பவர்கள் கருவியை ‘கேசிஃபையர்’ என்றே சொல்கிறார்கள். இது எங்கே பலன் தந்தது, எங்கே கைவிட்டது என்பதற்கு நம் நாட்டிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஒரு பாடத்தைச் சொல்கிறது: மரக்கழிவை முதலில் வெப்பத்துக்குப் பயன்படுத்துங்கள், மின்சாரம் அதற்குப் பிறகு.

சவுக்கும் பேலட்டும்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கல்பாக்கம், செய்யூர் வழியாக மரக்காணம் நோக்கிப் போகும் கடற்கரையோரம் முழுக்க மணற்பாங்கான நிலம். நெல்லுக்கு ஒத்துவராத அந்த மணலில் சவுக்கு நிமிர்ந்து நிற்கும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குத் தருவதுதான் ரகசியம். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை நகரத்தின் விறகுத் தேவைக்காகவும் ரயில் எஞ்சின்களுக்காகவும் இந்தக் கடற்கரையில் சவுக்கு பரவலாக நடப்பட்டது. இன்று அது காகித ஆலைக்குக் கூழ்மரமாகவும் கட்டடங்களுக்குச் சாரமாகவும் பந்தலுக்குக் காலாகவும் போகிறது. நட்ட நாலைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். லாரியில் ஏறுவது நேரான தண்டு. தோப்பில் தங்குவது மிலார், நுனிக்கொம்பு, உரித்த பட்டை, வேர்க்கட்டை.

மாவட்டத்தின் மேற்குப் பக்கம் கதை வேறு. மறைமலை நகர், மகேந்திரா சிட்டி போன்ற தொழிற்பேட்டைகளில் இருந்து எந்திர பாகங்கள் கப்பலேறிப் போகின்றன. அவற்றைச் சுமக்க மரப்பெட்டியும் பேலட்டும் வேண்டும். பேலட் அடிக்கும் பட்டறைகளில் கிடைக்கும் கழிவு, மரவாடிக் கழிவைவிட ஒருபடி மேல். ஏற்கெனவே ஓரளவு காய்ந்த மரம், ஒரே அளவில் நறுக்கப்பட்ட துண்டுகள், பட்டை இல்லை. கேசிஃபையருக்கு இதைவிட நல்ல தீனி அபூர்வம்.

மூன்றாவது வரத்து, ஏரிகளையும் புறம்போக்கையும் பிடித்து நிற்கும் சீமைக்கருவேலம். இதை வெட்டி அகற்றுவது பற்றி ஆண்டுக்கணக்காகப் பேசிவருகிறோம். வெட்டிய மரத்தை என்ன செய்வது என்பதில்தான் வேலை நின்றுபோகிறது. நான்காவது, புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையையும் அதன் தெற்கையும் புரட்டிப்போட்டது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. ஒரே இரவில் சாய்ந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த வாரக்கணக்கில் ஆகும். அறுத்த கொம்பும் கிளையும் சாலையோரத்தில் குவிந்து, காய்ந்து, ஒருநாள் யாரோ வைக்கும் தீயில் புகையாகப் போகும்.

இந்தக் கழிவு முழுவதும் வீணாகிறது என்று சொல்ல முடியாது. துண்டுக்கட்டை செங்கல் சூளைக்கும் பேக்கரிக்கும் டீக்கடைக்கும் போகிறது. மிலாரைப் பொறுக்கிச் சென்று சமைக்கும் வீடுகள் கடற்கரைக் கிராமங்களில் இன்னும் உண்டு. ஆனால் சூளையிலும் திறந்த அடுப்பிலும் எரியும்போது வெப்பத்தில் பெரும்பகுதி வானத்துக்குப் போகிறது. புகை சுற்றியிருப்பவர்களின் நெஞ்சுக்குப் போகிறது.

மரம் எரிவதில்லை, அதன் வாயுதான் எரிகிறது

எரிவாயு சிலிண்டர் எல்லா வீட்டுக்கும் வராத காலத்தில் தமிழ்நாட்டின் நகரங்களில் மரத்தூள் அடுப்பு பரவலாக இருந்தது. தகர டப்பா ஒன்றின் அடிப்பக்கத்தில் ஒரு துளை. நடுவில் ஒரு புட்டியை நிறுத்தி, பக்கத்துத் துளை வழியே ஒரு கட்டையைச் செருகி, புட்டியைச் சுற்றி மரத்தூளைக் கையால் அழுத்தி அழுத்தி நிரப்புவார்கள். தளர்வாக அடைத்தால் சரிந்துவிடும், இறுகக் குத்தவேண்டும். பிறகு புட்டியையும் கட்டையையும் மெல்லச் சுழற்றி உருவினால் தூளுக்கு நடுவே ஒரு புகைபோக்கி உருவாகியிருக்கும். கீழே கிழித்த தாளைக் கொளுத்திப்போட்டால், விசிறாமல் ஊதாமல் இரண்டு மூன்று மணி நேரம் சீரான சுடர் நிற்கும். அணையும்போது டப்பாவுக்குள் கருகிய தூள் மட்டும் மிச்சம்.

அந்தச் சுடரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். தூளின் மேற்பரப்பில் சுடர் ஒட்டியிருக்காது, நடுத்துளையில்தான் ஆடும். சூடேறிய மரத்தூள் வாயுவை விடுகிறது. அந்த வாயு துளைக்குள் வந்து, கீழிருந்து ஏறும் காற்றோடு கலந்து எரிகிறது. விறகடுப்பிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே வாயு பிறப்பதும் எரிவதும் ஒரே இடத்தில் குழம்பிக்கிடக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்து, வாயு பிறக்கும் இடத்தை ஒரு மூடிய உருளைக்குள் வைத்து, அது எரியும் இடத்தைக் குழாயின் மறுமுனைக்குத் தள்ளினால் கேசிஃபையர் ஆகிவிடுகிறது.

ஆளுயரத்துக்கு மேலான எஃகு உருளை. உட்புறம் சூடு தாங்கும் செங்கல் அல்லது பீங்கான் பூச்சு. மேலிருந்து மரத்துண்டுகள் இறங்குகின்றன, கீழிருந்து ஒரு மின்விசிறி வாயுவை உறிஞ்சி வெளியே இழுக்கிறது. காற்றும் மேலிருந்து கீழாகவே வருகிறது. முழுமையாக எரிய ஒரு கிலோ மரத்துக்கு சுமார் ஆறு கிலோ காற்று வேண்டும். இங்கே ஒன்றரை கிலோதான் விடுகிறார்கள். இந்தப் பற்றாக்குறையில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது.

இறங்கும் மரம் நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. அடுத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் தொடங்கி 600 வரை, மரம் சிதைந்து பலவகை வாயுக்களையும் தார் ஆவியையும் விட்டுவிட்டுக் கரியாகிறது. மூன்றாவது கட்டத்தில் இந்த வாயுக்களில் ஒரு பகுதி, கிடைத்த கொஞ்சக் காற்றோடு சேர்ந்து எரிகிறது. வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டுகிறது. ஆக்சிஜன் அத்தோடு தீர்ந்துபோகிறது. நான்காவது கட்டம்தான் இந்த முறையின் உயிர்நிலை. எரிந்து உண்டான கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கீழே கனன்றுகொண்டிருக்கும் கரிப்படுகைக்குள் புகுகின்றன. கரியிலுள்ள கார்பன் இவற்றிடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது. எரிந்து முடிந்த கார்பன் டை ஆக்சைடு, எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடாகத் திரும்புகிறது. நீராவியிலிருந்து ஹைட்ரஜன் பிரிகிறது. இரண்டு வினைகளும் வெப்பத்தை விழுங்குபவை. அடுக்கின் மேற்பகுதியில் பிறந்த வெப்பம், கீழ்ப்பகுதியில் வாயுவுக்குள் ரசாயன சக்தியாக அடைபடுகிறது.

இந்தக் கடைசி வினையைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சிற்பிகள் உளி காய்ச்சும் கரி உலை போதும். கரி தடிமனாக அடுக்கப்பட்டுக் கனியும்போது, அதன் மேல் மங்கலான நீலச் சுடர் ஒன்று தவழும். கரிக்குவியலின் அடியில் உண்டான கார்பன் டை ஆக்சைடு, மேலே வரும் வழியில் கார்பன் மோனாக்சைடாக மாறி, வெளிக்காற்றைத் தொட்டதும் எரிவதுதான் அந்த நீலம். மாமல்லபுரத்து உளிக்குப் பதம் ஏற்றும் அந்த உலைக்குள்ளேயே வாயுவாக்கத்தின் பாதி அறிவியல் இருக்கிறது.

வெளியே வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு சுமார் 20 சதவீதம், ஹைட்ரஜனும் கிட்டத்தட்ட அதே அளவு, மீத்தேன் ஓரிரு சதவீதம், கார்பன் டை ஆக்சைடு பன்னிரண்டு சதவீதம் வரை. மீதி, காற்றோடு சும்மா வந்து சும்மா போகும் நைட்ரஜன். அதனால் இது மெலிந்த வாயு. ஒரு கன மீட்டரில் 4.5 முதல் 5 மெகாஜூல் வெப்பம்தான் கிடைக்கும். இயற்கை எரிவாயுவில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. ஆனால் ஒரு கிலோ மரத்திலிருந்து சுமார் இரண்டரை கன மீட்டர் வாயு வருகிறது. மரத்திலிருந்த சக்தியில் 75 முதல் 80 சதவீதம் வாயுவில் தங்குகிறது. குழாயில் ஓடுகிறது, திருகினால் கூடுகிறது குறைகிறது, புகையின்றி எரிகிறது. விறகுக்கு இல்லாத இந்த மூன்று குணங்களும்தான் இதன் மதிப்பு.

கரி பஸ்ஸிலிருந்து ஓசஹள்ளி வரை

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. சென்னை மாகாணத்தின் சாலைகளில் அப்போது ஓடியவை கரி வாயு பஸ்கள். வண்டியின் பின்புறம் உருளை போன்ற கரி உலை, அதைக் கனிய வைக்கக் கையால் சுற்றும் ஊதுவிசிறி. புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே உலையைக் கனியவைக்க வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். பழைய தலைமுறை சொல்லிக் கேட்ட கதைகளில் இந்த பஸ்களுக்கு நிச்சயம் இடமுண்டு. ஐரோப்பாவில் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பெர்ட் உருவாக்கிய மரவாயுக் கருவிதான் அந்தக் காலத்தின் அடையாளம். போர் முடியும் தறுவாயில் அங்கே ஏறக்குறைய பத்து லட்சம் வண்டிகள் மரத்திலும் கரியிலும் ஓடின. பெட்ரோல் திரும்பிவந்ததும் எல்லாம் மறைந்தன.

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்த அறிவியலை நம் நாட்டில் ஆழமாக எடுத்துச் சென்றது பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம். அங்கே விண்வெளிப் பொறியியல் துறையில் ராக்கெட்டுகளின் எரிதலை ஆராய்ந்துவந்த பேராசிரியர் எச்.எஸ். முகுந்தாவும் அவர் குழுவினரும் விறகின் எரிதலை அதே கண்டிப்போடு அளந்தார்கள். இம்பெர்ட் கருவியில் நடுவே ஒரு குறுகிய கழுத்து உண்டு. மரத்துண்டு அதில் அடைத்துக்கொள்ளும். பெங்களூர் வடிவம் கழுத்தை நீக்கி உருளையை நேராக்கியது, மேல்வாயைத் திறந்து வைத்தது. காற்று மேலிருந்தும் பக்கத் துளைகளிலிருந்தும் புகுவதால் சூடான பகுதி நீண்டு, தார் சிதைய நேரம் கிடைத்தது.

1988-இல் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஓசஹள்ளி என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் 3.7 கிலோவாட் கருவி ஒன்றை நிறுவினார்கள். விளக்கு, குடிநீர் பம்பு, மாவு மில் எல்லாம் அதில் ஓடின. எரிபொருள், கிராமத்தின் பக்கத்திலேயே வளர்த்த மரங்கள். பிறகு அந்தமானின் போர்ட் பிளேரில் மர அறுவைக் கழிவில் ஓடும் 100 கிலோவாட் கருவி வந்தது. மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில், மின்கம்பி எட்டாத கோசாபா தீவில் 1997-இல் ஐந்து எந்திரங்களாக 500 கிலோவாட் நிலையம் அமைந்தது.

தமிழ்நாட்டில் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சியின் கதை பலருக்கும் தெரிந்தது. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், குடிநீர் பம்பின் மின்கட்டணத்தைக் குறைக்க 9 கிலோவாட் கேசிஃபையரை அந்த ஊராட்சி 2003-இல் வைத்தது, மரக்கழிவுதான் எரிபொருள். பிறகு அதே ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையையே வாங்கியது. கோவைக்கு அருகே சுல்தான்பேட்டையில் தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டு ஒரு மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கும் தனியார் நிலையம் பெங்களூர் தொழில்நுட்பத்தில் அமைந்தது. பாதை புதிதல்ல, நம்மவர்கள் நடந்த பாதைதான்.

தார் என்னும் எதிரி

அப்படியானால் ஊருக்கு ஊர் ஏன் இல்லை? முதல் காரணம் தார். மரம் கரியாகும்போது வரும் ஆவியில் ஒட்டும் தன்மையுள்ள நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. வாயு சூடாக இருக்கும்வரை அவை ஆவியாகவே இருக்கும். ஆறியதும் கறுப்புப் பிசினாகப் படியும். எஞ்சினின் வால்வில் படிந்தால் வால்வு திறக்காது. ஒரு கன மீட்டர் வாயுவில் தார் 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் எஞ்சின் நீண்ட நாள் தாங்காது. கீழிருந்து காற்று ஏறும் பழைய வகை உலைகளில் இது பத்து கிராமைத் தாண்டும். மேலிருந்து கீழிறங்கும் வகையில், தார் ஆவி வெளியே போகுமுன் 1,000 டிகிரி நெருப்பைக் கடந்தாக வேண்டியிருப்பதால் பெரும்பகுதி உடைந்துவிடுகிறது. மிச்சத்தைத் தண்ணீரில் கழுவியும் வடிகட்டியும் எடுக்கிறார்கள். கழுவிய தண்ணீர் அடுத்த தலைவலி. அதில் ஃபீனால் போன்ற நச்சுகள் கரைந்திருக்கும். சுத்திகரிக்காமல் ஓடையிலோ ஏரியிலோ விட்டால், ஒரு கழிவைத் தீர்க்கப் போய் இன்னொரு கேட்டை உண்டாக்கியவர்களாவோம்.

இரண்டாவது, ஈரம். எரிபொருளில் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், 20-ஐத் தாண்டினால் நெருப்பின் சூடு இறங்கி, தார் உடையாமல் அப்படியே வந்துவிடும். அறுத்த பச்சை மரத்தில் எடையில் பாதிகூட நீராக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும் செங்கல்பட்டில், கூரையில்லாமல் கிடக்கும் குவியல் மூன்று மாதத்துக்கு எதற்கும் உதவாது.

மூன்றாவது, அளவு. உருளைக்குள் வாயு தடையின்றிப் போகத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். ரம்பத்தூளை அப்படியே கொட்டினால் அடைத்துக்கொள்ளும். தூளை உயர் அழுத்தத்தில் உருளைக் கட்டிகளாக அழுத்தும் பிரிக்கெட் எந்திரங்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே பல இடங்களில் ஓடுகின்றன. பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தத்தின் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் இளகி, ஆறும்போது கட்டியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அழுத்தவும் மின்சாரம் செலவாகிறது. துண்டுக்கட்டை நேராக கேசிஃபையருக்கு, தூள் பிரிக்கெட்டுக்கு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது நல்லது.

நான்காவது, ஆள். கரிப்படுகை சரிகிறதா, வடிகட்டி அடைக்கிறதா, வாயுவின் அழுத்தம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் தேர்ந்த கை வேண்டும். கிராம நிலையங்களில் பல, மாலையில் நாலு மணி நேரம் விளக்கெரிக்க மட்டும் ஓடின. அந்தக் குறைந்த வருமானத்தில் நல்ல இயக்குநரை நிறுத்திக்கொள்ள முடியவில்லை, உதிரிபாகம் வாங்க முடியவில்லை. மின்கம்பி வந்ததும் கருவிகள் ஓய்ந்தன. அதன் பிறகு சூரிய மின்தகடு சடசடவென்று விலை இறங்கியது. வெயிலுக்கு விலை இல்லை, தகட்டுக்குத் தார் இல்லை. மின்சாரத்துக்காக மட்டும் மரத்தை வாயுவாக்குவது இன்று பெரும்பாலான இடங்களில் கட்டுபடியாகாது. கல்பாக்கத்தில் ஒன்றுக்கு 220 மெகாவாட் வீதம் இரண்டு அணு உலைகள் இருக்கும் கடற்கரையில், சில நூறு கிலோவாட் மரமின்சாரம் மின்தொகுப்புக்கு ஒரு பொருட்டும் அல்ல.

ஒரு டன் கழிவின் கணக்கு

ஒரு தொழிற்பேட்டையில் நாளொன்றுக்கு ஒரு டன் காய்ந்த துண்டுக்கட்டை சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வாயுவாக்கி எஞ்சினில் விட்டால், ஒரு யூனிட்டுக்கு ஒன்றேகால் கிலோ மரம் என்ற கணக்கில் 800 யூனிட் மின்சாரம் வரும். யூனிட் 8 ரூபாய் என்றால் 6,400 ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்கை விசிறியும் பம்பும் எடுத்துக்கொள்ளும்.

அதே டன்னை வாயுவாக்கி, எஞ்சினுக்கு விடாமல் டீசல் எரியும் ஓர் உலைக்கு விட்டால்? நடைமுறை இழப்பையெல்லாம் சேர்த்து, நாலு கிலோ மரம் ஒரு லிட்டர் டீசலுக்கு ஈடாகிறது என்பது இத்துறையினரின் கணக்கு. 250 லிட்டர் டீசல் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்றால் 22,500 ரூபாய். மின்சாரத்தைப் போல மூன்றரை மடங்கு. மேலும் உலைக்குப் போகும் வாயுவைச் சூடாகவே அனுப்பலாம். சூடாக இருக்கும்வரை தார் படியாது, அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். கழுவும் தண்ணீரும் அதன் நச்சும் பெருமளவு குறைகின்றன. மின்சாரத்துக்கு எதிரியாக இருந்த தார், வெப்பத்துக்கு எரிபொருளாகிவிடுகிறது.

இப்படி ஆவதற்கு இயற்பியல்தான் காரணம். வாயுவை எஞ்சினில் எரித்தால் அதிலுள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட மின்சாரமாவதில்லை. மீதி புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் போகிறது. நேராக வெப்பமாகப் பயன்படுத்தினால் இந்த இழப்பு இல்லை. மின்சாரமும் வேண்டும் என்றால் எஞ்சினின் கழிவு வெப்பத்தையும் பிடிக்கவேண்டும். பின்லாந்தில் மரச்சீவலில் ஓடும் சிறு நிலையங்கள் 40 கிலோவாட் மின்சாரத்தோடு 100 கிலோவாட் வெப்பத்தையும் தருகின்றன. அங்கே குளிர், அந்த வெப்பம் வீடுகளுக்குப் போகிறது. ஆஸ்திரியாவின் கூசிங் என்ற சிற்றூரில் 2001 வாக்கில் தொடங்கிய வாயுவாக்க நிலையம், 2 மெகாவாட் மின்சாரத்தோடு 4.5 மெகாவாட் வெப்பமும் தந்தது. அந்த வெப்பத்தை நம்பித் தரைப்பலகை செய்யும் நிறுவனங்கள் அங்கே வந்து தங்கின. அவற்றின் கழிவு மீண்டும் எரிபொருளானது. 2016-இல் அந்த நிலையமே மூடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மின்சாரத்துக்கு அரசு உறுதியளித்த விலையை நம்பி நின்ற கணக்கு, அந்த ஏற்பாடு முடிந்ததும் நிற்கவில்லை.

வெப்பம் கேட்கும் இடங்கள்

சூடான செங்கல்பட்டில் வெப்பம் யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். முதலில் மரத்தொழிலுக்கே வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் பேலட்டும் மரப்பெட்டியும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிக்கு உட்பட்டவை. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்கவேண்டும். அப்போதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் வண்டும் புழுவும் சாகும், முத்திரை விழும். மாற்று வழியான மீத்தைல் புரோமைடு புகையூட்டல் ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 56 டிகிரி என்பது மரவாயுவுக்கு விளையாட்டு. பேலட் பட்டறையின் துண்டுக்கட்டை, அதே பட்டறையின் பேலட்டைச் சூடாக்கிவிடும். வாங்குவதும் இல்லை, லாரி வாடகையும் இல்லை.

அடுத்தது மரத்தைப் பதப்படுத்தும் அறை. பச்சைப் பலகையைக் கதவாகவோ நாற்காலியாகவோ செய்தால் ஆறு மாதத்தில் வளையும், வெடிக்கும். சுமார் 12 சதவீத ஈரத்துக்கு இறக்கிய பிறகே தச்சர் கை வைக்கவேண்டும். அதற்கு நாள்கணக்கில் மிதமான சூடு வேண்டும். அதே சூட்டில் ஒரு பங்கு, மழைக்காலத்தில் கேசிஃபையருக்கான கழிவையே உலர்த்தும்.

மரத்தொழிலுக்கு வெளியே, தொழிற்பேட்டைகளில் வண்ணப்பூச்சு உலர்த்தும் அடுப்புகளும் அலுமினியம் உருக்கும் உலைகளும் எஃகு பாகங்களுக்குப் பதமேற்றும் உலைகளும் இருக்கின்றன. ஓசூரில் பதமேற்றும் உலைகளில் டீசலுக்குப் பதில் மரவாயு எரிந்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே உண்டு. கடற்கரையில் விடுதிகளின் வெந்நீரும் சலவையும், மழைநாளில் மணலில் காயவைக்க முடியாத மீனும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சிறிய தேவை. சிறிய, சிதறிய எரிபொருளுக்குச் சிறிய, சிதறிய தேவைதான் சரியான ஜோடி. கழிவை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஏற்றிச் சென்றால் லாபத்தை லாரி தின்றுவிடும்.

மீறக்கூடாத எல்லைகள்

எல்லா மரமும் இதற்கு ஆகாது. பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, மைக்கா ஒட்டிய துண்டு, பெயின்ட் அடித்த பழைய கதவு இவற்றில் ரெசினும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. கரையான் மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்சனிக்கும் குரோமியமும் இருக்கலாம். இவை உலைக்குள் போகாமல் தடுப்பது பட்டறை வாசலில் தொடங்கவேண்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ஆளைக் கொல்லக்கூடியது. கருவி நிற்கும் கொட்டகை நாலு பக்கமும் திறந்திருக்கவேண்டும், எச்சரிக்கை மணி இருக்கவேண்டும், குழாய்களைத் திறக்குமுன் உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கும் இடத்தில் கேசிஃபையரே வைக்கக்கூடாது.

மூன்றாவது எல்லை, தோப்பு. கழிவுக்காக வந்த கருவி பசியெடுத்து மரத்தைத் தின்னத் தொடங்கினால் எல்லாம் தலைகீழாகும். எனவே ஒரு வட்டாரத்தில் கிடைக்கும் கழிவின் அளவைப் பார்த்துத்தான் கருவியின் அளவை முடிவுசெய்யவேண்டும். சவுக்கு உதிர்க்கும் சருகு மணலுக்கே உரம். அது அங்கேயே இருக்கட்டும். ஏழை வீடுகள் பொறுக்கும் மிலாரை விலைபேசி வாங்கி அவர்கள் அடுப்பை அணைக்கவும் கூடாது. கருவியின் அடியில் கழியும் கரி, தார் படியாமல் சுத்தமாக இருந்தால், நீரைப் பிடித்துவைக்காத கடற்கரை மணலுக்குள் போகலாம். நுண்துளைகள் நிறைந்த கரி ஈரத்தையும் சத்தையும் பிடித்து நிறுத்தும்.

எங்கே தொடங்குவது

ஒரு பெரிய நிலையம் அறிவித்துத் தொடங்க வேண்டிய வேலை இது இல்லை. தொடக்கம் ஒரு கூரை. ஒரு தொழிற்பேட்டையில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேலட் பட்டறைகளும் மரவாடிகளும் சேர்ந்து, மழைபடாத ஒரு பொதுக் கொட்டகையில் கழிவைத் தரம் பிரித்துச் சேர்க்கவேண்டும். எவ்வளவு வருகிறது, எந்த மாதம் குறைகிறது, ஈரம் எவ்வளவு என்று ஓராண்டு எழுதிவைக்கவேண்டும். அந்தக் கணக்கின்மேல் ஒரு கருவி. அதன் வாயு முதலில் பேலட் சூடேற்றும் அறைக்கு. அது ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடினால், பக்கத்து உலைக்கு. அதன் பிறகும் மிஞ்சினால்தான் எஞ்சினும் மின்சாரமும். ஐ.டி.ஐ. படித்த உள்ளூர் இளைஞர்களுக்கு இதை இயக்கவும் பழுதுபார்க்கவும் முறையான பயிற்சியும், அதற்கேற்ற சம்பளமும் வேண்டும். ஓசஹள்ளி முதல் கோசாபா வரை எந்திரத்தின் ஆயுளைத் தீர்மானித்தது அதன் பக்கத்தில் நின்ற மனிதர்தான்.

மின்சாரத்துக்கு இன்று வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது. ஆனால் ஓர் உலையை ராப்பகலாக 900 டிகிரியில் வைத்திருக்க நாம் இன்னமும் கப்பலில் வந்த எண்ணெயைத்தான் நம்பியிருக்கிறோம். அந்த எண்ணெயின் ஒரு பங்கை செங்கல்பட்டின் மரவாடிகளே ஈடுகட்ட முடியும். அதற்கு வேண்டிய அறிவு கையில் இருக்கிறது, கருவியைச் செய்யும் பட்டறைகளும் இருக்கின்றன. கழிவைக் காயவைத்து, பிரித்து, அது விழும் இடத்திலேயே வேலைக்கு வைக்கும் ஒழுங்கு மட்டும்தான் பாக்கி.